டீப் பர்ப்பிள்: ஆள் மாறிக்கொண்டே இருந்த குழுவை மார்க் எண் பிடித்துக் கேட்பது எப்படி

டீப் பர்ப்பிள் என்று தேடி, வந்த பாட்டையெல்லாம் கலந்துகட்டிப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பாட்டில் பாடகர் கூரை பிய்யும்படி அலறுகிறார். அடுத்ததில் அடித்தொண்டையிலிருந்து புளூஸ் பாடுகிறார். மூன்றாவதில் 60-களின் பாப் பாடகர் மாதிரிக் குழைகிறார். மூன்றும் வெவ்வேறு ஆட்கள் என்று தெரியாமல், 'இந்தக் குழுவுக்கு ஒரு நிலையான பாணியே இல்லை' என்று முடிவுகட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

1968-இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டில் கூடிய ராக் இசைக்குழு இது. அன்றிலிருந்து பாட்டுக்கு 4 பேர், கிடாருக்கு 5, பேஸுக்கு 3, கீபோர்டுக்கு 2, டிரம்ஸுக்கு ஒரே ஒருவர் என்று 15 பேர் இதில் இருந்திருக்கிறார்கள். 2024 வரை 23 ஸ்டூடியோ ஆல்பங்கள். இதை ஒரே குழுவாக நினைக்காமல், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அடுத்தடுத்து நடந்த பல குழுக்களாக எடுத்துக்கொண்டால் எல்லாம் இடத்தில் உட்காரும். அதற்கு ரசிகர்களே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்: மார்க் எண், அதாவது எந்தெந்த ஆட்கள் சேர்ந்திருந்த குழு என்பதைக் குறிக்கும் வரிசை எண்.

எண்ணை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

ஆள் மாறும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். ஆனால் பழைய ஐவரே திரும்பக் கூடினால் பழைய எண்ணேதான். 1984-இல் திரும்பி வந்த ஐவரும் மார்க் 2 ஆக இருப்பது அதனால்தான். 'மார்க் 2' என்று மட்டும் சொன்னால் ஆண்டு விளங்காது, ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்க் 1 (1968–69): ராட் எவன்ஸ் குரல், ரிச்சி பிளாக்மோர் கிடார், நிக் சிம்பர் பேஸ், ஜான் லார்ட் ஆர்கன், இயன் பெய்ஸ் டிரம்ஸ்.
மார்க் 2 (1969–73, 1984–89, 1992–93): எவன்ஸுக்குப் பதில் இயன் கில்லன், சிம்பருக்குப் பதில் ராஜர் குளோவர்.
மார்க் 3 (1973–75): கில்லன் இடத்தில் டேவிட் கவர்டேல், குளோவர் இடத்தில் கிளென் ஹியூஸ். ஹியூஸ் பேஸ் வாசிப்பதோடு பாடவும் செய்வார்.
மார்க் 4 (1975–76): பிளாக்மோர் போய் டாமி போலின்.
மார்க் 5 (1989–92): மார்க் 2-இல் கில்லனை எடுத்துவிட்டு ஜோ லின் டர்னர்.
மார்க் 6 (1993–94): கில்லன் உண்டு, பிளாக்மோர் இல்லை. கிடாரில் ஜோ சத்ரியானி.
மார்க் 7 (1994–2002): கிடாரில் ஸ்டீவ் மோர்ஸ்.
மார்க் 8 (2002–22): லார்ட் விலகி டான் ஏரி.
மார்க் 9 (2022 முதல்): மோர்ஸ் விலகி சைமன் மெக்பிரைட்.

மறுகூடல்களுக்குத் தனி எண் கொடுப்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் கடைசி எண்கள் தள்ளிப்போகும். யாராவது 'மார்க் 8' என்றால் எந்தக் கிடார்காரர், எந்தக் கீபோர்டுகாரர் என்று கேட்டுக்கொள்வதே வழி. மார்க் 6 ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் போடவில்லை. 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் விலகிவிட, ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொடுக்க வந்தவர் சத்ரியானி. கேட்க வேண்டிய பட்டியலில் அவரைத் தேட வேண்டாம்.

எங்கே தொடங்குவது

முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். ஆள் மாறிய குழுக்களுக்கு ஆண்டு வரிசை அநேகமாக மோசமான நுழைவாயில். டீப் பர்ப்பிளின் முதல் மூன்று ஆல்பங்களைக் கேட்டுவிட்டு 'இதிலென்ன ஹார்ட் ராக்?' என்று திரும்பிவிடுவீர்கள்.

'மேட் இன் ஜப்பான்' நேரடி ஆல்பத்தில் தொடங்குங்கள். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17-இல் டோக்கியோ புடோகான் அரங்கிலும் பதிவானது. ஏழே பாட்டு, இரண்டு எல்.பி. நான்காவது பக்கம் முழுவதையும் 'ஸ்பேஸ் டிரக்கின்' ஒன்றே அடைத்துக்கொள்கிறது. ஸ்டூடியோவில் ஐந்து நிமிடம்கூட வராத பாட்டு அது. இந்த ஐவரும் மேடையில் ஒரு பாட்டை என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. ஏழில் ஐந்து ஒசாகாவில் பதிவானவை. 'த ம்யூல்', 'லேசி' இரண்டு மட்டும் டோக்கியோ. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' 15-ஆம் தேதியுடையது. பிற்பாடு வந்த பெரிய பெட்டிப் பதிப்புகளில் மூன்று இரவையும் தனித்தனியாகக் கேட்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

அடுத்து 'இன் ராக்' (1970), 'மெஷின் ஹெட்' (1972). பிறகு 'ஃபயர்பால்' பக்கம் போகாமல் நேரே மார்க் 3-இன் 'பர்ன்' (1974). கில்லன் குரல் காதில் பதிந்திருக்கும்போதே கவர்டேலைக் கேட்டால்தான் மாற்றம் உறைக்கும். அதன்பின் மார்க் 4-இன் ஒரே ஸ்டூடியோ ஆல்பமான 'கம் டேஸ்ட் த பேண்ட்' (1975). இவ்வளவும் ஆனபிறகு 1968-க்குப் போங்கள். அப்போது மார்க் 1-இல் லார்டும் பிளாக்மோரும் பெய்ஸும் ஏற்கெனவே தயாராக நிற்பதும், மேலே உள்ள குரல்தான் வேறு உலகத்தைச் சேர்ந்தது என்பதும் தெளிவாகத் தெரியும். மார்க் 1-இன் 'ஹஷ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போன பாட்டு. அது ஜோ சவுத் எழுதியது, குழுவின் சொந்தச் சரக்கல்ல.

மறுகூடலுக்கு 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1984) போதும். மோர்ஸ் காலத்துக்கு 'பர்ப்பெண்டிகுலர்' (1996). ஏரி காலத்துக்கு 'நவ் வாட்?!' (2013). முந்தைய ஆண்டு ஜூலை 16-இல் காலமான லார்டுக்கு அர்ப்பணித்த ஆல்பம் அது. டர்னர் பாடிய 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' (1990) கடைசியாகக் கேட்டால் போதும். கேட்க மோசமில்லை. ஆனால் பிளாக்மோரின் ரெயின்போ குழுவின் ஆல்பம் மாதிரிதான் இருக்கும். டர்னர் அங்கிருந்து வந்தவர்தானே.

காதால் ஆளைப் பிடிப்பது

அட்டையைப் பார்க்காமல் எந்த மார்க் என்று சொல்லப் பழக வேண்டும். அதில் முதல் தடை கிடாரையும் ஆர்கனையும் பிரித்துக் கேட்பது. 'ஹைவே ஸ்டார்' பாட்டில் முதலில் வரும் தனி வாசிப்பான சோலோவைக் கிடார் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது லார்டின் ஹேமண்ட் சி3 ஆர்கன். வழக்கமாக லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரில் போக வேண்டிய ஒலியை அவர் மார்ஷல் கிடார் ஆம்ப்ளிஃபயரில் விட்டார். ஒலி பிசிறடித்து, சொரசொரத்து, கிடார் மாதிரியே ஆகிவிடுகிறது.

பிரித்தறிய ஒரு சோதனை உண்டு, நம் காதுக்கு அது எளிது. ஹார்மோனியத்தில் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போக முடியாது, கட்டை மாற்றித்தான் அழுத்த வேண்டும். ஹேமண்டும் அப்படித்தான். வீணைத் தந்தியை இழுப்பதுபோல் சுரம் வளைந்து மேலேறினால் அது கிடார். படிப்படியாகத் தாவினால், அல்லது பிடித்த சுரம் தேயாமல் அதே பலத்தில் நின்றால், அது ஆர்கன். 'ஹைவே ஸ்டார்' முழுவதையும் இந்த ஒரே சோதனையோடு இரண்டு தடவை கேளுங்கள். ஆர்கன் சோலோ முன்னால், கிடார் சோலோ பின்னால். மூன்றாம் தடவை சோதனையே தேவைப்படாது.

குரல்கள் சுலபம். உச்சஸ்தாயியில் அலறல் என்றால் கில்லன், அதுவும் 1970-களின் கில்லன். 'சைல்ட் இன் டைம்' அதற்கு அளவுகோல். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டின் ஆர்கன் தொடக்கம், இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' இசையிலிருந்து எடுத்தது. வயது ஏறியபின் கில்லன் அந்தப் பாட்டை மேடையில் விட்டுவிட்டார். பிற்காலக் கச்சேரிப் பதிவுகளில் அது இல்லையே என்று தேட வேண்டாம்.

ஒரே பாட்டில் இரண்டு குரல் மாறி மாறி வந்தால் மார்க் 3 அல்லது 4. கீழே கனமாக ஒலிப்பவர் கவர்டேல், மேலே மெலிந்து சோல் பாடகர் மாதிரி நெளிபவர் ஹியூஸ். பேஸும் அப்போது மாறியிருக்கும். குளோவர் தண்டவாளம் மாதிரி நேராகப் போவார், ஹியூஸின் பேஸ் ஃபங்க் தாளத்தில் துள்ளும். இந்தத் துள்ளல் பிடிக்காமல்தான் 'ஸ்டார்ம்பிரிங்கர்' (1974) ஆல்பத்துக்குப் பிறகு பிளாக்மோர் கிளம்பினார்.

கிடார்காரர்களில் பிளாக்மோரை அடையாளம் காட்டுவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரின் அசைகோலும் (சுரத்தை ஆட்டும் கம்பி), பாக் இசையை நினைவூட்டும் சுர அடுக்குகளும். போலின் என்றால் எதிரொலிக் கருவியில் சுழன்றுவரும் ஒலிகள், ஸ்லைடு, ஃபங்க் அடி. மோர்ஸ் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிக்கால் தட்டுவார், எவ்வளவு வேகத்திலும் ஒன்றுகூட விழுங்காது. 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' அவரைப் பழகிக்கொள்ள நல்ல இடம். லார்டையும் ஏரியையும் பிரிப்பதுதான் கடினம். இருவரும் ஹேமண்ட்காரர்கள். ஏரி சிந்தசைசரை அதிகம் கலப்பார் என்பது ஓரளவு உதவும், எப்போதும் அல்ல.

காணொளி என்றால் டிரம்ஸைப் பாருங்கள். எல்லா மார்க்கிலும் இருக்கும் ஒரே ஆள் பெய்ஸ், அவர் இடதுகைக்காரர். டிரம்ஸ் அடுக்கு மற்றவர்களுக்கு நேரெதிராக இருக்கும். ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு, அவருடைய வலப்பக்கம். டீப் பர்ப்பிள் என்ற தலைப்பில் ஒரு வலதுகை டிரம்மர் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது: 1980-இல் எவன்ஸ் மட்டும் பழைய ஆளாக இருந்த ஒரு போலி 'டீப் பர்ப்பிள்' அமெரிக்கா, மெக்சிகோ, கனடாவில் கச்சேரி செய்தது. வழக்கு நடந்து, 6,72,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. (படத்தை இடவலம் புரட்டிப் பதிவேற்றுகிறவர்களும் உண்டு. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.)

ஒரே பாட்டை வைத்து ஒப்பிடுதல்

ஆளுக்கு ஆள் என்ன மாறுகிறது என்பது ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு போனால்தான் பிடிபடும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தான் தோதானது, ஏனென்றால் மார்க் 2-க்குப் பிறகு வந்த எல்லோரும் அதை வாசித்தே ஆகவேண்டியிருந்தது.

முதலில் 'மெஷின் ஹெட்' பதிப்பு. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடுவே யாரோ ஃப்ளேர் துப்பாக்கியைச் சுட, குழு பதிவுசெய்வதாக இருந்த கேசினோவே எரிந்துபோனது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டி வாடகைக்கு வந்து நிற்கிறது, இடம் இல்லை. பெவிலியன் என்ற அரங்கில் இந்தப் பாட்டின் வாத்தியப் பகுதியை மட்டும் பதிந்து முடிப்பதற்குள், சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்து போலீஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில், மெத்தைகளைச் சுவரில் சாய்த்துப் பதிந்தவை. வண்டிக்குப் போய்ப் பதிவைக் கேட்டுப்பார்ப்பதென்றால் அறைகளையும் பால்கனிகளையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கடைசியில் போவதையே விட்டுவிட்டார்கள். வாசித்தது சரி என்று பட்டால் சரி. அந்த ஆல்பத்தில் மெருகு குறைவாகவும் முறுக்கு அதிகமாகவும் இருப்பதில் இதற்கும் பங்கிருக்கும்.

கேட்கும்போது வாத்தியங்கள் நுழையும் வரிசையைக் கவனியுங்கள். கிடார் தனியாக. அதன்மேல் ஹை-ஹாட்டும் ஆர்கனும். பிறகு முழு டிரம்ஸ். பேஸ் கடைசியில்தான். ஆர்கன் அதே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த இசைத்துணுக்கை, கிடாரோடு சேர்ந்தே வாசிப்பதால் ஒரே வாத்தியம் பெருத்ததுபோல் கேட்கும். வீட்டில் அந்த ரிஃப் 'ஒல்லியாக' வருகிறதே என்று வருந்தும் கிடார்காரர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி கையில். பெரும்பாலோர் அதைப் பவர் கார்டாக, அதாவது ஐந்தாம் இடைவெளியில், பிக்கால் அடிக்கிறார்கள். அது நான்காம் இடைவெளி. டி, ஜி தந்திகள் இரண்டையும் சேர்த்து 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. இரண்டு தந்தியும் எப்போதும் ஒரே ஃப்ரெட். பிளாக்மோர் பிக் பிடிக்காமல் விரல்களால் இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் கிள்ளுவார். பிக்கால் அடித்தால் ஒரு தந்தி மயிரிழை முன்னால் விழும், அந்த வெட்டு போய்விடும். திறந்த தந்தி அடங்காமல் அடுத்த சுரத்தில் கலந்தால், அந்த '0' வரும் இடங்களில் மட்டும் ஏ, டி தந்திகளின் 5-ஆம் ஃப்ரெட்டைப் பிடியுங்கள். அதே சுரங்கள்தான், ஆனால் விரல் எடுத்ததும் அடங்கிவிடும். டிஸ்டார்ஷனைக் குறையுங்கள். நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் தேவைப்படும்.

அடுத்து 'மேட் இன் ஜப்பான்' பதிப்பு. பிறகு 1974 ஏப்ரல் 6-இன் கலிஃபோர்னியா ஜாம் இசைவிழாப் பதிவு. இங்கே பாட்டை கவர்டேலும் ஹியூஸும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கில்லன் கதை சொல்லிக்கொண்டு போன இடத்தில் இவர்கள் கச்சேரி கட்டுகிறார்கள். அதே கச்சேரியின் இறுதியில்தான் பிளாக்மோர் தொலைக்காட்சிக் கேமராவைக் கிடாரால் குத்திக் கிழித்ததும், ஆம்ப்ளிஃபயர் வெடித்து எரிந்ததும்.

மார்க் 4-க்கு வரும்போது கவனம் தேவை. 'லாஸ்ட் கன்சர்ட் இன் ஜப்பான்' என்ற ஆல்பம் எளிதாகக் கைக்குக் கிடைக்கும். 1975 டிசம்பரில் டோக்கியோவில் பதிவானது. அன்று போலினின் இடது கை சரியாக இயங்கவில்லை. கிடார் வாசிக்க வேண்டிய இடங்களை லார்ட் ஆர்கனால் நிரப்பிக்கொண்டு போகிறார். போலின் மட்டமான கிடார்காரர் என்ற பேச்சு பரவியதற்கு இந்தப் பதிவு ஒரு முக்கியக் காரணம், அது நியாயமல்ல. அவரை எடைபோட 1976 பிப்ரவரியின் லாங் பீச் பதிவையும் ஸ்டூடியோ ஆல்பத்தையும் எடுங்கள். அதே ஆண்டு மார்ச் 15-இல் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி, குழு கலைந்தது. டிசம்பர் 4-இல் போலின் மயாமியில் இறந்தார், வயது 25.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

பிரிட்டன் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒன்றல்ல. 'ஃபயர்பால்' பிரிட்டன் எல்.பி.யில் 'டீமன்ஸ் ஐ' இருக்கும், அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' போட்டிருப்பார்கள். 'இன் ராக்' அமெரிக்கப் பதிப்பில் 'ஸ்பீட் கிங்' பாட்டின் இரைச்சலான தொடக்கம் வெட்டப்பட்டிருக்கும். ஆல்பமே அந்த இரைச்சலில்தான் கதவைத் திறக்கிறது, பிரிட்டன் பதிப்பைத் தேடிப் போவது வீண்வேலை இல்லை.

'பிளாக் நைட்' பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை போன பாட்டு. ஆனால் அது தனி சிங்கிள், 'இன் ராக்' மூல எல்.பி.யில் கிடையாது. 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டும் அப்படியே. 'மெஷின் ஹெட்' நாட்களில் பதிவாகி, 'நெவர் பிஃபோர்' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. இரண்டும் ஆண்டுவிழாப் பதிப்புகளில் கிடைக்கும்.

அந்த ஆண்டுவிழாப் பதிப்புகளில் 'ரீமாஸ்டர்', 'ரீமிக்ஸ்' என்ற இரு சொற்களையும் ஒன்றென நினைத்துவிடக் கூடாது. ரீமாஸ்டர் பழைய கலவையையே துடைத்துத் தருவது. ரீமிக்ஸ் என்றால் தனித்தனி டிராக்குகளை எடுத்து மறுபடி கலந்தது. 1990-களின் பதிப்புகளில் குளோவர் செய்த ரீமிக்ஸ்களில் சில பாட்டுகள் மூலத்தில் இல்லாத இடங்களில் முடியும், சோலோக்கள்கூட வேறாக இருக்கும். முதல் தடவை கேட்பவர் மூலக் கலவையை எடுப்பதே நல்லது.

தொகுப்பு ஒன்று போதும் என்பவர்கள் 'டீப்பெஸ்ட் பர்ப்பிள்' (1980) வாங்குவார்கள். நல்ல 12 பாட்டு, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதில் மார்க் 2, 3 மட்டும்தான். எவன்ஸும் இல்லை, போலினும் இல்லை.

ஒரே பெயரில் இரண்டு பதிவு இருப்பதையும் பாருங்கள். 'ஹஷ்' 1968-இல் எவன்ஸ் பாடியது, 1988-இல் 'நோபடிஸ் பர்ஃபெக்ட்' ஆல்பத்துக்காகக் கில்லன் மறுபடி பாடியது. 'இன் ராக்' ஆல்பத்தின் 'பிளட்சக்கர்' பாட்டை மோர்ஸோடு 1998-இன் 'அபாண்டன்' ஆல்பத்துக்கு மறுபடி பதிந்தார்கள், எழுத்துக்கூட்டை மட்டும் மாற்றி.

சந்தேகம் வந்தால் பாடலாசிரியர் வரியைப் பாருங்கள். 70-களின் மார்க் 2 பாட்டுகளில் ஐவர் பெயரும் சேர்ந்தே இருக்கும்: பிளாக்மோர், கில்லன், குளோவர், லார்ட், பெய்ஸ். 'பர்ன்' ஆல்பத்தில் மட்டும் இந்த உத்தி காலை வாரும். முந்தைய ஒப்பந்தச் சிக்கலால் ஹியூஸின் பெயர் முதல் பதிப்புகளில் விடுபட்டிருக்கும், 30-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். பெயர் இல்லை என்பதால் அவர் அதில் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள், குரல் தெளிவாகவே கேட்கும்.

மெக்பிரைட் வந்தபின் வெளியான 2024 ஆல்பத்தின் பெயர் ஒரு சமக்குறியும் எண் ஒன்றும்: '=1'. தேடுபெட்டிகள் சமக்குறியை விழுங்கிவிட்டு வேறு எதையாவது காட்டும். குழுவின் பெயரோடு 2024 என்று சேர்த்துத் தேடினால் வந்துவிடும்.